ஆசீர்வாதத்துக்குக் காத்திருந்த நிழல்கள்

கிருமிக் காலத்தில் தெபோராபுரத்துக் கோயிலில் நடந்ததைச் சொல்வதென்றால், அந்த ஊர்க்காரர்களின் ஒரு பழக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். தேரி என்கிற செம்மணல் மேடும் பனையும் வெயிலும் தவிர வேறொன்றும் ஏராளமாக இல்லாத அந்த ஊரில் ஆராதனைக்குத் தாமதமாக வருகிறவர்கள் உண்டு, பிரசங்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவர்கள் உண்டு, காணிக்கைப் பை பக்கத்தில் வரும்போது மட்டும் கண்ணை மூடி உருக்கமாக ஜெபிக்கிறவர்களும் உண்டு. ஆனால் குருவானவர் இரண்டு கையையும் தூக்கிக் கடைசி ஆசீர்வாதத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து போகிறவர் ஒருவர்கூடக் கிடையாது. பிரசவ வலி கண்ட பெண் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் சொல்லிவிட்டுத்தான் ஆட்டோ ஏறினாள் என்று வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார்கள். கேட்கிறவர்கள் நம்பாவிட்டால் அந்தப் பெண்ணையே கூட்டிவந்து காட்டுவார்கள்.

அப்பேர்ப்பட்ட ஊர், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து நாட்களின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆசீர்வாதம் வாங்காமல் எழுந்து ஓடியது. குருவானவர் ஜெபசிங் பிரசங்கத்தின் பாதியில் இருந்தபோது கோயில் வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்று, நோய் பரவுகிறது, நாலு பேர் கூடக் கூடாது, உடனே கலையுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னது. சபைச் செயலாளர் அருமைநாயகம் வாசற்படிக்கு ஓடினார். அவர் ஆயுள் முழுக்க பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸோ, ஆராதனையோ, கல்யாணமோ, கிளம்ப வேண்டிய நேரத்தில் கிளம்பவில்லையென்றால் அவருக்கு உடம்பில் அரிக்கும். படியில் நின்று கையைத் தட்டி, "ம், நகருங்க, நகருங்க, பின்னால உள்ளவங்களுக்கு வழிய விடுங்க" என்று விரட்டினார். கோயில் காலியாயிற்று. எல்லாரும் முற்றத்து வெயிலில் வந்து நின்று மூச்சு வாங்கும்போது, அருமைநாயகத்தின் அடுத்த வீட்டுக் குளோரிதான் முதலில் குனிந்து பார்த்துவிட்டு, "ஏ, என் நெழல எங்க?" என்றாள்.

யாருக்குமே நிழல் இல்லை. திரும்பிக் கோயிலுக்குள் பார்த்தார்கள். எல்லா நிழல்களும் அவரவர் இடத்தில், ஆண்கள் தெற்குப் பக்கத்துப் பெஞ்சுகளிலும் பெண்கள் வடக்குப் பக்கத்துப் பெஞ்சுகளிலும், பீடத்தைப் பார்த்தபடி ஆசீர்வாதத்துக்காகக் காத்திருந்தன.

நிழலோடு மிஞ்சியவர்கள் மூன்றே பேர். பீடத்தைவிட்டு நகராத குருவானவர், மணிக்கயிற்றுப் பக்கம் வெளியே நின்றிருந்த கோயில் வேலைக்காரர் இயேசுவடியான், வாசற்படியில் நின்றதால் நிழல் வெளிப்பக்கம் விழுந்திருந்த அருமைநாயகம்.

ஊருக்கு ஆச்சரியத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. நம்முடைய நிழலுக்கு இருக்கிற மரியாதை நமக்கு இல்லாமல் போயிற்றே என்று சிலர் சாப்பிடாமல்கூடப் படுத்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, கூட்டம் கூடக் கூடாது என்ற உத்தரவில் நிழலும் சேர்த்தியா என்று தாலுகா ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டார். அங்கே விசாரித்து, நிழலைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை, எதற்கும் தள்ளித் தள்ளி உட்காரச் சொல்லுங்கள் என்றார்கள். அவர் நிழல்களிடம் சொல்லிப் பார்த்தார். அவை நகரவில்லை.

சபைக் கமிட்டி போனிலேயே கூடியது. பாதியில் நின்ற ஆராதனையை முடித்து ஆசீர்வாதத்தைச் சொல்லிவிட்டால் நிழல்கள் எழுந்து அவரவர் வீட்டுக்குப் போய்விடும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் போய்விட்டால் கோயிலில் இருக்க யார்? குருத்தோலை ஞாயிறு வருகிறது, பெரிய வெள்ளி வருகிறது, காலிப் பெஞ்சைப் பார்த்துப் பாடுவதா? ஆகவே சனங்கள் வீட்டிலும் நிழல்கள் கோயிலிலும் இருப்பது, நடக்கிற ஆராதனைகளையெல்லாம் ஒரே ஆராதனையின் தொடர்ச்சியாக வைத்துக்கொள்வது, ஊர் திரும்பக் கூடிவருகிற அன்றைக்கு ஆசீர்வாதம் சொல்லி முடிப்பது என்று தீர்மானமாயிற்று. அட்டவணை போடும் வேலை அருமைநாயகத்திடம் வந்தது. அவருக்கு அதைவிட சந்தோஷம் வேறில்லை.

குருத்தோலைப் பவனியை அவர் விடவில்லை. பவனியும் ஆராதனையில் ஒரு பங்குதான் என்பதால் நிழல்களுக்கு வெளியே வருவதில் ஆட்சேபமிருக்காது என்று கணித்தார், அப்படியே ஆயிற்று. இயேசுவடியான் சிலுவையைப் பிடித்து முன்னால் போக, குருவானவர் பாடிக்கொண்டே பின்னால் போக, நிழல்கள் ஓலையின் நிழலைக் கையில் பிடித்தபடி இரண்டு வரிசையாகத் தெருத்தெருவாகச் சுற்றி வந்தன. சனங்கள் வாசலில் நின்று அவரவர் நிழல் போவதைப் பார்த்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களும் உண்டு. ஆராதனை நேரத்தில் அவை திரும்பிப் பார்க்கவில்லை. அருமைநாயகத்தின் மனைவி ஞானப்பூ தன் நிழல் போவதை வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, "நான் இம்புட்டு கூன் போட்டா நடக்கேன்?" என்று கேட்டாள்.

"இப்பத்தான் தெரியுதா" என்றார் அவர்.

பெரிய வெள்ளியன்று, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளின் பிரசங்கம் முடியும்வரை நிழல்கள் அசையாமல் இருந்தன; நாலாம் வார்த்தையில் தூங்குகிறவர்களின் நிழல்கள் மட்டும் நாலாம் வார்த்தையில் தூங்கின. ஈஸ்டருக்கு எழுந்து நின்றன. கோயில் கோபுரத்துக் குழாய் ஒலிபெருக்கியில் பாட்டைக் கேட்டு வீடுகளிலிருந்து சனங்கள் கூடப் பாடினார்கள். பழகிப்போயிற்று. நிழல் இல்லாதவனைக் கண்டு முதலில் குரைத்த நாய்கள், நிழல் உள்ள அருமைநாயகம் போனால் குரைக்க ஆரம்பித்தன. பனையேறிகள், கீழே நிழல் தெரியாமல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று புரியவில்லை என்று சொன்னார்கள், பிறகு அதுவும் நல்லதுக்குத்தான் என்றார்கள். வெயில் மட்டும் பழகவில்லை. அது ஆட்களின் ஊடாகப் புகுந்து அந்தப் பக்கம் போய் விழுந்தது.

ஆனி மாதத்தில் ஞானப்பூவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆம்புலன்ஸில் ஏறும்போது அடுப்பில் பால் இருக்கிறது, இறக்கி வையுங்கள் என்றுதான் அவள் கடைசியாகச் சொன்னது. அருமைநாயகத்தை வீட்டுக்குள்ளேயே வைத்து வாசலில் தகரம் அடித்தார்கள். ஊரில் அந்த நோய்க்குப் போனது அவள் ஒருத்திதான். பிளாஸ்டிக் உடுப்புப் போட்ட நாலு பேர் ஆஸ்பத்திரி வண்டியிலிருந்து நேராகக் கல்லறைத் தோட்டத்தில் இறக்கி அடக்கம் செய்துவிட்டுப் போனார்கள். குருவானவர் வேலிக்கு வெளியே நின்று ஒரு சின்ன ஜெபம் சொல்ல மட்டும் அனுமதி கிடைத்தது. பாட்டு இல்லை, மணி இல்லை. தகரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து அருமைநாயகம் வண்டிச் சத்தம் வருவதையும் போவதையும் கேட்டார். எத்தனையோ வண்டியை அனுப்பி வைத்த மனிதர், அந்த வண்டியை மட்டும் நிறுத்தத் தெரியாமல் அழுதார்.

தகரத்தை எடுத்த அன்றைக்கு நேரே கோயிலுக்குப் போனார். உள்ளே போகத் தைரியம் வரவில்லை. ஆளே போனபின் நிழல் எப்படி இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கதவைத் தள்ளினார். பெண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சில், சன்னலோரம், குளோரியின் நிழலுக்குப் பக்கத்தில், ஞானப்பூ கூன் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அதிலிருந்து அருமைநாயகத்துக்கு அட்டவணை போடுகிற வேலை கூடிப்போயிற்று. ஆராதனை இல்லாத நாளிலும் சாவியை வாங்கிக்கொண்டு கோயிலுக்குள் போய் உட்கார்ந்து போட்டார். அவள் உயிரோடு இருந்தபோது செய்ததையெல்லாம் நிழல் செய்தது: பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டது, முட்டங்காலில் நின்றுவிட்டுப் பெஞ்சைப் பிடித்து எழுந்தது, அடிக்கொருதரம் கழுத்தைத் திருப்பி ஆண்கள் பக்கத்துச் சுவரைப் பார்த்தது. அந்தப் பழக்கம் அவருக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் அதற்காக வீட்டில் சண்டை போட்டிருக்கிறார். பிரசங்க நேரத்தில் என்னத்தத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாய் என்று கேட்டால், "மணி பாத்தேன்" என்பாள். அந்தச் சுவரில்தான் கோயில் கடிகாரம் மாட்டியிருந்தது. உலையை வைத்துவிட்டு வந்திருப்பாள் என்று அவரும் விட்டுவிடுவார்.

ஆவணி கழிந்ததும் கோயில்களைத் திறக்கலாம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. ஊர் குளித்துத் தயாரானது. அருமைநாயகம் திறக்கவில்லை. முதலில் கை கழுவக் குழாய் போட வேண்டும் என்றார். குழாய் போட்டதும் பெஞ்சுகளுக்கு இடைவெளி அளக்க வேண்டும் என்றார். அறுப்பின் பண்டிகையில் திறக்கலாமென்றால், பந்தி போட்டு அசனம் வைக்க அனுமதி இல்லையே, அசனம் இல்லாமல் அறுப்பின் பண்டிகை கொண்டாடியதாகச் சரித்திரம் உண்டா என்று கேட்டார். மழைக்காலம் முடியட்டும் என்றார்; தேரியில் மழையே பெய்யவில்லை. எத்தனை கவனமான மனுஷன் என்று முதலில் மெச்சிய ஊர், பிறகு, நிழல் வைத்திருக்கிறவருக்கு நம்ம கஷ்டம் எங்கே தெரியும் என்று முணுமுணுக்கத் தொடங்கியது. அவர் காதில் விழாத மாதிரி இருந்தார். ஆசீர்வாதம் சொன்னால் நிழல்கள் எழுந்து ஆட்களிடம் போய்விடும். ஆள் இல்லாத நிழல் எங்கே போகும்? அது தெரியாமல் அந்தக் கதவைத் திறக்க அவரால் முடியாது.

ஒருநாள் குளோரி வந்தாள். ஞானப்பூவுக்குப் பக்கத்திலேயே ஆயுளெல்லாம் உட்கார்ந்தவள், வாய்க்காரி, கமிட்டியில் ஒருவரையும் விட்டுவைக்காதவள். அன்றைக்குச் சத்தம் போடாமல் வாசலில் தள்ளி நின்றாள்.

"அண்ணாச்சி, சுகாதார நிலையத்துக்குப் போய்ட்டு வாரேன். எம்மவ ஷீபா பிள்ளைக்கு ஊசி."

"போட்டாச்சா?"

"போட்டாச்சு. தள்ளித் தள்ளி வட்டம் போட்டு வெயில்ல நிப்பாட்டிட்டாவ. எம்மவ பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டுக் குனிஞ்சு குனிஞ்சு மறைக்கா. வெயிலு அவ ஊடாலயே போயி பச்சப்பிள்ள மூஞ்சில விழுது. பிள்ள கண்ணத் தொறக்கவே மாட்டேங்கு."

"குடை பிடிக்கலாம்லா?"

குளோரி அவரைப் பார்த்தாள். "பெத்தவ குனிஞ்சா பிள்ளைக்கு நெழலு வரணும் அண்ணாச்சி. அதுக்குக் குடை எதுக்கு?"

குளோரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க ஏன் தொறக்கலன்னு எனக்குத் தெரியும். போன வாரம் சன்னல்ல எட்டிப் பாத்தேன். எம் பக்கத்துலதான அவ இருக்கா. ஊர்ல யாருகிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

அவள் போனபின் அருமைநாயகத்துக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. கோயிலுக்குப் போனார். நிழல்கள் வழக்கம்போல உட்கார்ந்திருந்தன. ஞானப்பூவின் நிழல் கழுத்தைத் திருப்பியது. "மணி என்னட்டீ, பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டே அவரும் சுவரைப் பார்த்தார்.

சுவரில் ஒரு ஆணி மட்டும் இருந்தது. கடிகாரத்தை வெள்ளையடிப்புக்குக் கழற்றி வருஷக்கணக்காகிறது. மெதுவாக ஓடுகிற கடிகாரத்தைப் பார்க்கப் பொறுக்காமல், திரும்ப மாட்ட வேண்டாம் என்று சொல்லி உள்ளறை அலமாரியில் வைத்துப் பூட்டியது அவரேதான். ஆணிக்கு நேர் கீழே ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சின் ஓரம், கல்யாணமான நாளிலிருந்து, அவருடைய இடம்.

போய் அந்த இடத்தில் உட்கார்ந்தார். ஞானப்பூவின் நிழல் திரும்பியது. தேடினது கிடைத்த மாதிரி பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டது. அருமைநாயகம் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். எத்தனை ஞாயிற்றுக்கிழமை! ஒரே ஒருதரம் அவர் திரும்பிப் பார்த்திருந்தால் போதும், கண்ணுக்குக் கண் பட்டிருக்கும். அவர் முன்னால் பார்த்துக்கொண்டு, இந்தப் பிரசங்கம் எப்போது முடியும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் குருவானவரிடம் போனார்.

"ஐயா, திருச்சபை வருஷம் முடியுதுல்லா?"

"ஆமா அண்ணாச்சி, வர்ற ஞாயிறோட முடியுது. அடுத்தது ஆட்வென்ட்டு, கிறிஸ்மஸ் ஆயத்தம். ஆசீர்வாதம் சொல்லாமலே ஒரு வருஷத்த முடிச்சு அடுத்த வருஷத்துக்குப் போறதான்னு எனக்கும் உறக்கமில்ல. உங்களக் கேக்கத்தான் தயக்கமா இருந்துச்சு."

"தொறந்துருவோம். ஆனா ரெண்டு காரியம். ஒரே வீட்டுக்காரங்க சேந்து உக்காரலாம்னு உத்தரவுல இருக்கு. அப்படியே உக்காரட்டும்."

குருவானவர் கொஞ்சம் யோசித்தார். ஆணும் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்வது அந்தக் கோயில் கட்டிய நாளிலிருந்து நடக்காத காரியம். "சரி. இன்னொண்ணு?"

"அடக்க ஆராதனை அவளுக்கு நடக்கல. அன்னைக்கு ஆராதனைய இங்க ஆரம்பிச்சு கல்லறைத் தோட்டத்துல முடிப்போம். ஆசீர்வாதத்த அங்க வச்சுச் சொல்லுங்க."

"அங்க வச்சா?" குருவானவர் அவர் முகத்தைப் பார்த்தார். "பாட்டு எதுன்னு நீங்களே எடுத்து வைங்க அண்ணாச்சி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இயேசுவடியான் மணியை ஆசைதீர அடித்தார். சனங்கள் முகத்தைக் கட்டிக்கொண்டு வந்து, குழாயில் கை கழுவி, அவரவர் குடும்பத்து நிழல் எங்கே இருக்கிறதென்று பார்த்து ஒதுங்கி ஒதுங்கி உட்கார்ந்தார்கள். அருமைநாயகம் வெள்ளை வேட்டி சட்டையில், கைக்கடிகாரம் இல்லாமல் வந்தார். தெற்குப் பக்கம் போகவில்லை. பெண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சுக்குப் போனார். பக்கத்து இடத்துக்காரியான குளோரி மகளையும் பேரப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பின் பெஞ்சுக்குப் போனாள்; அவள் நிழலும் முதல்முறையாக இடம் மாறி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அருமைநாயகம் சன்னலுக்கும் ஞானப்பூவின் நிழலுக்கும் நடுவில் ஒண்டி உட்கார்ந்தார். பிரசங்கத்தின் நடுவில் ஞானப்பூவின் நிழல் தெற்குச் சுவரைத் திரும்பிப் பார்த்தது. "இங்கன இருக்கேன்" என்றார் அவர் மெதுவாக. நிழல் இந்தப் பக்கம் திரும்பியது. அதன்பிறகு அது எங்கும் திரும்பவில்லை.

கடைசிப் பாட்டோடு எல்லாரும் எழுந்து பவனியாகக் கிளம்பினார்கள். சிலுவை முன்னால், குருவானவர் பின்னால், அதற்குப் பின்னால் நிழலில்லாத சனங்கள் ஒரு பக்கமும் சனங்களில்லாத நிழல்கள் ஒரு பக்கமுமாகத் தேரி மணலில் நடந்தார்கள். கார்த்திகை மாதத்துக்கு அது பெரிய வெயில். ஞானப்பூவின் நிழல் அருமைநாயகத்துக்கு நாலு எட்டுப் பின்னால், எப்போதும் கடைக்குப் போகிற மாதிரியே வந்தது. பாதி வழியில் அவர் நின்றார். அது பக்கத்தில் வந்து சேர்ந்தபின் நடந்தார்.

மண் மேட்டைச் சுற்றி ஊர் நின்றது. அடக்கப் பாட்டை முழுசாகப் பாடினார்கள், ஒரு சரணமும் விடவில்லை. வேலிக்கு வெளியே நின்று சொன்ன ஜெபத்தைக் குருவானவர் இப்போது உள்ளே நின்று நிதானமாகச் சொன்னார். அருமைநாயகம் ஒரு பிடி மண் போட்டார். பிறகு குருவானவர் அருமைநாயகத்தைப் பார்த்தார். ஆசீர்வாதத்தைச் சொல்லலாமா என்பதுதான் அந்தப் பார்வை. ஆயிரக்கணக்கான பஸ்களுக்கு விசில் ஊதிய அருமைநாயகம், தலையை ஒருதரம் ஆட்டினார்.

குருவானவர் இரண்டு கையையும் தூக்கினார். லெந்து நாட்களில் பாதியில் நின்ற ஆராதனை, ஆட்வென்ட்டுக்கு முந்தின ஞாயிற்றில் முடிந்தது. "ஆமென்" என்றது ஊர். நிழல்கள் கலைந்து, அவசரமில்லாமல், ஒன்றையொன்று தள்ளாமல், அவரவர் காலடியில் போய்ச் சேர்ந்தன. ஷீபா பிள்ளையின் மேல் குனிந்தாள். பிள்ளை முகத்தில் நிழல் விழுந்தது. அது ஒரு கண்ணைத் திறந்து, பிறகு மற்றக் கண்ணையும் திறந்து, அம்மா முகத்தை முதல்முறையாகக் கூசாமல் பார்த்தது.

ஞானப்பூவின் நிழல் மட்டும் மிஞ்சி நின்றது. பிறகு, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்த களைப்பில் படுப்பவளைப் போல, மண்மேட்டின் மேல் முதுகைச் சாய்த்துக் கூன் போட்டுப் படுத்துக்கொண்டது.

இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. உச்சி வெயிலில் ஒரு செடிகூட நிழல் தராத அந்தத் தோட்டத்தில் அந்தக் கல்லறை மேல் மட்டும் சுடாது. குழி வெட்டுகிறவர்கள் தண்ணீர்க் குடத்தை அங்கே வைக்கிறார்கள், மேய்கிற ஆடுகள் வந்து ஒட்டிப் படுக்கின்றன, யாரும் விரட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அருமைநாயகம் வந்து அதன் ஓரத்தில் உட்காருவார். கோயிலில் ஆணும் பெண்ணும் பழையபடி தெற்கும் வடக்குமாகப் பிரிந்துவிட்டார்கள். கடிகாரத்தையும் திரும்ப மாட்டியாயிற்று, அது பழையபடி மெதுவாக ஓடுகிறது, அவர் ஒன்றும் சொல்வதில்லை.

ஒருதரம் பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வழியாக வந்த குளோரி, அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பி அந்தக் கல்லறையைப் பார்ப்பதை வேலிக்கு அப்பாலிருந்து கவனித்துவிட்டு, "என்னத்த அண்ணாச்சி அப்படித் திரும்பித் திரும்பிப் பாக்கிய?" என்று கேட்டாள்.

"மணி பாத்தேன்" என்றார் அருமைநாயகம்.